குளியலறைச் செருப்பு

"செருப்புப் போட்டுக்கிட்டீங்களா அத்தை?"

மற்ற வீடுகளில் பொழுது விடிந்தால் காபி ஆச்சா என்று கேட்பார்கள். அந்த வீட்டின் மூத்த மருமகள், குளியலறைக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் கேட்டாள். கதவைத் தாழிட்ட பிறகும் கேட்பாள். பதில் வருகிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "போட்டுக்கிட்டேன் தாயே. தூங்கும்போதும் போட்டுக்கணும்னா இப்பவே சொல்லிடு, அதையும் செஞ்சிடறேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முந்தின நாள் மாலைதான் வெளியூரிலிருந்து கொழுந்தனும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். அண்ணியின் செருப்புப் பைத்தியத்தைப் போனில் கேட்டுச் சிரித்தவர்கள், இப்போது நேரில் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். இன்று குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். குளிப்பாட்டப் போகிற சின்னவள், வந்ததிலிருந்து வீடு முழுக்க வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் செருப்பின் கதையைச் சொல்ல வேண்டுமானால் மாமனாரிடமிருந்து தொடங்க வேண்டும். அந்த வீட்டில் எதுவுமே அவரிடமிருந்துதான் தொடங்கும். தெருக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு காலத்தில் அவர் தலைவராக இருந்தார். பதவி போய்விட்டது, பட்டம் போகவில்லை. பால்காரரிலிருந்து கட்டின மனைவி வரைக்கும் அவரைத் 'தலைவர்' என்றுதான் சொன்னார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதானாலும் 'இத்தருணத்தில்' என்று ஆரம்பிக்கிற மனிதர். பாதத்தின் வழியாகக் கிருமி ஏறுகிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, குளியலறைக்கென்று தடிமனான நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்தார். ஒரே ஒரு ஜோடி. ஒரே நேரத்தில் ரெண்டு பேரா உள்ளே போகப் போறோம் என்பது அவர் கணக்கு. வெளியே வருகிறவர் கழற்றிவைக்க, உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார்.

இந்தச் சட்டம் மூத்த மருமகளுக்கு மட்டும் பொருந்தாமல் போனது. ஏனென்றால், எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளியலறையைத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். கழுவும்போது செருப்பையும் கழுவி, தலைவர் கால் வைக்குமுன் காய வேண்டுமே என்று சுவரில் சாய்த்துவைப்பாள். சட்டம் போட்டவர் செருப்போடும், சட்டத்தைக் கழுவுகிறவள் வெறுங்காலோடும் இருப்பது உலக வழக்கம்தானே.

பிறகு ஹீட்டர் வந்தது.

அப்பாவும் அம்மாவும் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறார்களே என்று சின்னவன் பணம் அனுப்பினான். தலைவர் போய் வாங்கிவந்தார். பணம் யாருடையதாக இருந்தாலும் பில் அவர் பெயரில்தான் போட வேண்டும்; அது அந்த வீட்டு மரபு. கடையும் அவர் கடைதான் என்று சொல்லலாம். கடைத்தெருவில் அந்த மின்சாதனக் கடையைத் திறந்தபோது ரிப்பன் வெட்டியவர் அவர். கல்லாவுக்கு மேலே தங்கச் சட்டம் போட்ட படமாக இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் யாருக்கோ ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி இருக்கும். மாலையில் நடக்கப் போகும்போது கடைக்குள் நுழைந்து, வாங்கப் போகாத மின்விசிறி ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, அண்ணாந்து படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புவார். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்குவார்.

ஹீட்டரை மாட்டிக் கொடுத்தவனும் அந்தக் கடை ஆள்தான். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே சுவரில். போட்டால் உள்ளே சுவரின் உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். முதல் நாள் எல்லோரும் போய் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த நாள் காலை, தரையைத் தேய்த்துவிட்டு, ஈரத் தரையில் நின்று மூத்த மருமகள் குழாயைத் திறந்தாள்.

எறும்பு கடித்ததோ என்று முதலில் நினைத்தாள். அப்புறம் விரலிலிருந்து முழங்கை வரைக்கும் உள்ளே யாரோ நரம்பைப் பிடித்துச் சுண்டினார்கள். கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். திரும்பிப் பார்த்தால் இருட்டான குளியலறைக்குள் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னாள். கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லையே என்றான். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். கடையிலிருந்து வந்த ஆள் தடித்த பூட்ஸ் காலோடு போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனான். மூன்று ஆண்பிள்ளைகள் தொட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் கோளாறு ஹீட்டரிலா இருக்கும், மருமகளிடம்தானே இருக்கும்? உடம்பில் ரத்தம் கம்மி என்றார் தலைவர். மாமியார் இன்னும் ஆழமாகப் போனாள். "சின்னவன் வாங்கிக் குடுத்தான்ல, அதான் இவளுக்குச் சுடுது."

உண்மை அவளுக்கே தற்செயலாகத்தான் பிடிபட்டது. ஒருநாள் காலில் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட, அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. நின்று யோசித்தாள். ஒரு காலை மட்டும் மெதுவாகச் செருப்பிலிருந்து எடுத்து ஈரத்தில் வைத்து, ஒற்றை விரலை நீட்டினாள்...

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் இத்தனை உயிரும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யாராவது ஒருநாள் மறந்தால்? வார் அறுந்தால்?

இதையும் சொன்னாள். அவள் கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். உலகத்தார் எழுதுவதிலெல்லாம் தப்புக் கண்டுபிடிப்பது அவன் தொழில்; வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிடுவான். "அப்போ எல்லாரும் செருப்புப் போட்டுக்கிட்டா சரியாப் போச்சே" என்று ஒரு வரியில் திருத்தம் போட்டுவிட்டுப் படுத்தான். தலைவருக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. செருப்பு விஷயத்தில் தன் தீர்க்கதரிசனத்தை மருமகள் இப்போதாவது ஒத்துக்கொண்டாளே என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அவள் கூட்டிவந்த எலெக்ட்ரீஷியனை வாசலோடு திருப்பி அனுப்பினார். சீலை உடைத்தால் வாரண்டி போய்விடுமாம். கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றதற்கு, வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இந்தப் பரம்பரையிலேயே கிடையாது என்றார். பரம்பரையில் இதற்கு முன் யாரும் ஹீட்டர் வாங்கியதும் கிடையாது என்பதை அவள் சொல்லவில்லை.

ஆகவே அவளே காவல் நின்றாள். எல்லோருக்கும் முன் எழுந்து சுவிட்சைப் போட்டு, தண்ணீர் காய்ந்ததும் அணைத்துவிட்டு, அதன் பிறகே குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு வாளி நிரப்பிவைத்தாள். யாருக்கும் குழாயைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. யாருக்கும் ஷாக்கும் அடிக்கவில்லை. அவள் காப்பாற்றக் காப்பாற்ற, அவள் சொன்னது பொய்யாகிக்கொண்டே போனது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து சுவிட்சை அணைக்கிற கஞ்சத்தனம் என்று மாமியார் அதற்கும் ஒரு பெயர் வைத்தாள்.

நடுவில் அவள் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். தனிக்கட்டை; ஒரே மகள். பஸ் ஏறினால் மாலைக்குள் போய்விடலாம். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். போனால் காலையில் சுவிட்சை யார் அணைப்பார்கள் என்று நினைத்தாள். பையிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். போனில் ஏதேதோ சாக்குச் சொன்னாள். கடைசியில் உண்மையையும் பாதி சொன்னாள்.

"சரிடி... அந்த வீட்டுப் பாத்ரூமை விட்டுட்டு உன்னால வர முடியாது. பெத்தவ கண்ணை விட அது பெருசாப் போச்சு. வெச்சிடு."

அதற்குப் பிறகு அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆபரேஷனுக்குக் கூடப் போனாளாம்.

அவள் கையைக் கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருக்கவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில், கள்ளக்காதலனோடு பேசுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமைசாலி. பில் யார் பெயரில் என்று கேட்டாள். மாமனார் பெயரில். பயன்படுத்துவது? நான். அவர் சம்மதத்தோடா? இதற்கு என்ன பதில் சொல்வது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி சூடா இல்லைன்னா கத்தறாரு. அது சம்மதம்தானே?" என்றாள். தாராளமாக, என்றாள் அந்தப் பெண். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவளும் நுகர்வோர்தான், அவளும் புகார் கொடுக்கலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று கடைக்காரர் எழுதி மாட்டிக்கொண்டால், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. முதலில் கடையில் எழுத்தில் கொடுத்துப் பாருங்கள் என்றாள்.

எழுதிவிட்டாள். கொடுக்கத்தான் முடியவில்லை. கடைக்குப் போனால் தலைவர் படத்துக்கு நேர் கீழே நின்றுதான் கொடுக்க வேண்டும். குழாயைப் பார்த்தாலும் பயம், வீட்டு மனிதர்களைப் பார்த்தாலும் பயம். இரண்டில் எது பெரியது என்று அவளுக்கே குழந்தையைக் குளிப்பாட்ட இருந்த இந்தக் காலை வரைக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மாமியார் குளித்துவிட்டு வந்து செருப்பை வாசலில் கழற்றிவைத்தாள். மூத்த மருமகள் குழந்தைக்கென்று தனியாக நிரப்பிவைத்திருந்த வாளியைச் சரிபார்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள். போனவள் பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், கூடத்துக்கு அப்பால் குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தைக்குத் தண்ணீர் ஆறிப்போச்சு என்று கொழுந்தன் சுவிட்சைப் போட்டிருந்தான்.

வாசலில் நீலச் செருப்பு இரண்டும் அப்படியே இருந்தன.

உள்ளே சின்னவள் குழந்தையிடம் ஏதோ கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை இடுப்போடு. பாதம் இரண்டும் ஈரத்தில். இன்னொரு கை குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கத்தினாலும் அந்தக் கை நிற்காது என்று மூத்தவளுக்குத் தோன்றியது. ஓடினாள். எப்படி ஓடினாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. பின்னாலிருந்து சின்னவளின் தோளைப் பற்றி ஒரே இழுப்பு. சின்னவள் வாசற்படியில் மல்லாந்து விழுந்தாள். விழும்போதே குழந்தையை மூத்தவள் பிடுங்கி அணைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தாள்.

அப்புறம் நடந்தது விசாரணை. சின்னவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, என் மேல கோவம்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே... கைக்குழந்தையோட நிக்கறவளையா தள்ளுவீங்க?"

கொழுந்தன் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கவில்லை, பிடுங்கினான். "நான் வாங்கிக் குடுத்தது ஆகலைன்னா அதை உடைச்சுப் போடுங்க அண்ணி. என் பொண்டாட்டியை ஏன் தள்ளறீங்க?"

"பெத்தவ கண்ணைப் பார்க்கவே போகாதவ" என்றாள் மாமியார், "அடுத்தவ பிள்ளைக்கா இரக்கப்படுவா?"

ஷாக் அடிக்கும், ஷாக் அடிச்சிருக்கும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கணவனைப் பார்த்தாள். அவன் தரையில் ஏதோ எழுத்துப்பிழை இருப்பது போலக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தலைவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இத்தருணத்தில் இந்தக் குடும்பத்தைப் பீடித்திருக்கும் ஒரு மூடநம்பிக்கைக்குத் தாமே முற்றுப்புள்ளி வைக்கப் போவதாக அறிவித்தார். சுவிட்சைப் போடச் சொன்னார். கொழுந்தன் போட்டான். அவள் பாய்ந்து அணைத்தாள். போதும் அண்ணி என்று அவன் மறுபடி போட்டுவிட்டு, முதுகால் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றான்.

ரிப்பன் வெட்டப் போகிற அதே நடையில் தலைவர் நடந்தார். குளியலறை வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். கால் நுனியால் அவற்றை ஓரமாக ஒதுக்கினார்.

"மாமா, வேண்டாம்." அவள் குப்புற விழுந்து அவர் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் நின்றார். முகத்தில் கருணை படர்ந்தது. கையை உயர்த்தினார். "எழுந்திரும்மா. தப்புப் பண்றது மனுஷ சுபாவம். நான் மன்னிச்சிட்டே..." என்றவர் குனிந்து பார்த்தார். மருமகள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய இடது காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். வலது காலுக்கான செருப்பு இன்னொரு கையில் தயாராக இருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது போதும். தலைவர் காலை உதறினார். செருப்பு பறந்து போய் வாளிக்குள் விழுந்தது. வெறுங்காலோடு உள்ளே போய், ஈரத்தில் நின்று, எல்லோரும் பார்க்கும்படி சற்றே திரும்பி, குழாயைப் பற்றினார்.

"இதோ, பாருங்கள், ஒரு..."

நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். கைதட்டலுக்காகப் பேச்சின் நடுவில் இப்படி நிறுத்துவது அவர் வழக்கம். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணும் திறந்தபடி இருந்தது. தரையோடு கிடந்த அவள் ஒருத்திதான் அவர் கால் விரல்களைப் பார்த்தாள். ஈரத் தரையில் அவை நண்டுக் கால்கள் மாதிரி மடங்கி இறுகியிருந்தன.

எழுந்த வேகத்தில் கொழுந்தனை மோதித் தள்ளிவிட்டுச் சுவிட்சின் மேல் உள்ளங்கையால் அறைந்தாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. தலைவர் மூட்டை சரிகிற மாதிரி சரிந்தார்.

மாமியாரின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மூத்தவள் தலைவரின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் அவருடையது கேட்கவில்லை. கணவன் செருப்பில்லாமல் தெருவில் ஓடி வண்டி பிடித்துவந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், கதவு திறக்கும்போதெல்லாம், வருகிறவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அவள் தரையைப் பார்த்தாள்.

பிழைத்துக்கொண்டார். உள்ளங்கையில் குழாயின் வளைவு அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. கண் விழித்த தலைவர் முதலில் சொன்னது ஒரே வார்த்தை. எந்த அடைமொழியும் இல்லாத வார்த்தை.

"தொடாதீங்க."

வராந்தாவில் சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கையும் தன் குழந்தையும் அந்தக் குழாயும் அவள் மனதில் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி மூத்தவள் மடியில் வைத்தாள். "கொஞ்சம் வெச்சுக்கங்க அக்கா... என் கை நிக்க மாட்டேங்குது." கொழுந்தன் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கணவன் வெகு நேரம் கழித்து வாயைத் திறந்தான். "அச்சுல ஒரு தப்பை விட்டா மறுநாள் திருத்தம் போடலாம்..." என்றான். அவள் அவன் பாதங்களைப் பார்த்தாள். தெருவில் வெறுங்காலோடு ஓடியதில் கல் குத்தி ரத்தம் காய்ந்திருந்தது. தன் முந்தானையை நனைத்து அவனிடம் கொடுத்தாள். துடைத்துவிடவில்லை, கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த தலைவர் இரண்டு நாள் பேசாமல் கிடந்தார். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. கூடவே பழைய புத்தியும் கொஞ்சம் வந்தது. கடைக்காரர் நல்லவர், பக்குவமாகச் சொன்னால் வேறு மாற்றித் தருவார், தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். அவள் கஞ்சி டம்ளரை அவர் இடது கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, உங்க பேச்சைக் கேட்டு நம்ம தெருவுல இதே ஹீட்டரை எத்தனை வீட்ல வாங்கியிருக்காங்க? அவங்க யார் வீட்லயும் பாத்ரூம் செருப்பு கிடையாது."

தலைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் அவள் எழுதிவைத்த புகாரோடு வாசலில் இறங்கியபோது, கட்டுப்போட்ட கையோடு, சட்டை மாட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"வாங்க தலைவரே" என்று கடைக்காரர் எழுந்தார். கையைப் பார்த்து அடிபட்டதா என்றார். தலைவர் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். படத்திலிருந்த தலைவர் கத்தரிக்கோலோடு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டுவிட்டு, உங்க வீட்டு ஒயரிங்ல கோளாறு இருக்கும் என்றார். மாட்டிக் கொடுத்தது உங்க ஆளு, மாட்டுவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டியது யார் என்று அவள் கேட்டாள். செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதேம்மா என்றார். வாடிக்கையாளர் செத்துப்போகாமலிருக்க அவரவரே செருப்பு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது வியாபாரத்தில் புதிய கொள்கை. அதுவும் எடுபடாமல் போகவே, சுவரில் தொங்கிய 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' பலகையைக் காட்டினார். கடைசியில் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். பில் தலைவர் பேர்ல இருக்கு, தலைவர் ஒண்ணும் சொல்லலையே.

அவள் பலகையைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய எழுத்து. "அது நீங்க எழுதி மாட்டினது. குறையுள்ள பொருளுக்கு அது செல்லாதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். பில் யார் பேர்ல இருந்தாலும், அதுல தண்ணி பிடிச்சவ நான். நானும் புகார் குடுக்கலாம்." மூச்சு வாங்கினாள். "அதெல்லாம் வேண்டாம்னா ஒண்ணு பண்ணுங்க. நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்கு வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, ஈரத்துல நின்னு, அந்தக் குழாய்ல ஒரு வாளி தண்ணி பிடிச்சுக் குடுங்க. இந்தக் காகிதத்தை உங்க முன்னாலயே கிழிச்சுப் போட்டுடறேன்."

மேசைக்கடியில் கடைக்காரரின் கால்கள் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டன.

"அந்த ஸ்டூலைப் போடும்மா" என்றார் தலைவர்.

அவள் போட்டுப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் கையோடு தட்டுத்தடுமாறி ஏறி, கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதிதாகத் தெரிந்தது. காகிதத்தை வாங்கினார். வலது கைக்குக் கட்டு. இடது கையால், முதல் வகுப்புப் பையன் மாதிரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"தொட்டவன் நான். சாகக் கிடந்தவன் நான். இவ சொன்னது அத்தனையும் நிஜம்." அவ்வளவுதான் சொன்னார். வாழ்நாளில் அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது; கைதட்ட ஆளில்லாத பேச்சும் அதுதான்.

அன்று மாலையே கடையிலிருந்து ஆள் வந்து ஹீட்டரைக் கழற்றிப்போனான். பணமும் வந்தது. ஆனாலும் அவள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தலைவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுவிட்சை அணைக்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் 'இத்தருணத்தில்' என்றுதான் ஆரம்பித்தார். அதை மட்டும் எந்த மின்சாரத்தாலும் எடுக்க முடியவில்லை.

அடுத்த நாள் அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்து மறுபடி பையில் வைத்தாள். மாமியார் வந்து, பையின் பல் சிக்கிக்கொண்ட ஜிப்பை இழுத்து மூடிக்கொடுத்தாள். "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதே" என்றாள் பையிடம்.

அம்மா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு. மற்றொரு கண்ணால் மகளை மேலும் கீழும் பார்த்தாள். ஏசப் போகிறாள் என்று பையைக் கீழே வைக்காமலே நின்றாள் மகள்.

"உன் மாமனார் போன் பண்ணினாரு" என்றாள் அம்மா. "அரை மணி நேரம். பாதி நேரம் அவரைப் பத்தியேதான். மீதியில..." கண் மறைப்பைச் சரிசெய்துகொண்டாள். "மீதியில அழுதுட்டாருடி. உங்க பொண்ணை நான் ஈரத்துல நிக்க வெச்சுட்டேன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. போய் முகம் கழுவிட்டு வா. வா முதல்ல."

குளியலறை சின்னது. ஹீட்டர் கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது, ஒரு பழைய பித்தளைக் குழாய், கீழே வாளி. தரை ஈரம். அவள் வெறுங்காலோடு நின்றாள். கையை நீட்டினாள். குழாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றுவிட்டது. இதில் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். கை கேட்கவில்லை. விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ.

"என்னடி, தண்ணி வரலையா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா சுவரைத் தடவி வந்தாள். நீட்டிய கையையும் மகளின் முகத்தையும் அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் இறங்கி, மகளுக்குப் பின்னால் நெருங்கி நின்று, அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து குழாயைத் திறந்தன.

தண்ணீர்தான் வந்தது. வெறும் குளிர்ந்த தண்ணீர்.

வாளி நிரம்பி வழிந்து இருவர் பாதத்தையும் நனைத்த பிறகும், அம்மாவின் தோளிலிருந்து அவள் முகத்தை எடுக்கவில்லை. குழாயை மூட இருவருக்குமே தோன்றவில்லை.